பட்டறை என்பது இடமா, கருவியா?

வினா:
லேத்துப் பட்டறை, நகைப் பட்டறை என்று தொழில் நடக்கும் இடத்தையே நாம் பட்டறை என்கிறோம். ஆனால் என் தாத்தா தம் கொல்லுலையில் மரக்கட்டைமேல் பதித்திருந்த தண்டவாளத் துண்டை, காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அந்தத் துண்டை மட்டுமே, பட்டறை என்பார். போதாக்குறைக்குத் திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைப்பதும் ‘பட்டறை போடுதல்’தான். இவற்றுள் எது முதற்பொருள்?

மறுமொழி 1:
உங்கள் தாத்தா சொன்னதே முதற்பொருள் என்பேன். சொல்லின் பழைய வடிவம் பட்டடை. ‘சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு’ என்னும் 821ஆம் குறள், மனம் ஒன்றாமல் பழகுவோர் நட்பைப் பட்டடைக்கு உவமிக்கிறது. இரும்பைத் தாங்கி நிற்பதுபோல் தோன்றினாலும், சம்மட்டியின் அடி அதன்மேல் முழுமையாக இறங்குவதற்குத் துணைநிற்பதும் அந்தப் பட்டடைதானே. கன்னடத்தின் பட்டடெ, தெலுங்கின் பட்டெட ஆகியவற்றிலும் டகரமே இருப்பதால், றகரம் தமிழில் பின்னர் வந்தது என்றே கொள்கிறேன். கருவியின் பெயர் அது கிடந்த கொட்டகைக்கு ஆகி, இன்று அடிப்பதற்கு எதுவுமே இல்லாத கவிதைப் பட்டறைவரை வந்துவிட்டது.

மறுமொழி 2:
ஒரு சிறு சேர்க்கை. புறநானூற்றின் 170ஆம் பாட்டு இதே கருவியை உலைக்கல் என்கிறது. கருங்கைக் கொல்லன் விசைத்து எறியும் கூடத்தோடு, அதாவது சம்மட்டியோடு, மோதி நிற்கும் உலைக்கல்லைப் போன்றவன் என்று அங்கே பிட்டங்கொற்றன் என்னும் குறுநிலத் தலைவன் புகழப்படுகிறான். அடி வாங்கும் அதே கருவி ஓரிடத்தில் வீரத்துக்கும் மற்றோரிடத்தில் வஞ்சகத்துக்கும் உவமையாகியிருக்கிறது.

மறுமொழி 3:
வெங்காயத்தை மறந்துவிட்டீர்கள். பட்டடைக்குக் குவியல், அடுக்கு என்ற பொருள்களும் அகராதியில் உண்டு. தரையிலிருந்து உயர்த்திய அடித்தளத்தின்மேல் காற்றோட்டமாகக் குவித்து வைப்பதால் வெங்காயப் பட்டறைக்கு அந்தப் பொருளே பொருந்தும். இசையிலும் இச்சொல் உண்டு: சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் ‘வண்ணப் பட்டடை’க்கு உரைகாரர்கள் இளி என்னும் நரம்பை, அதாவது ஏழு சுரங்களுள் ஒன்றை, பொருளாகச் சொல்லி, பண்களுக்கெல்லாம் அது அடிமணை என்று காரணமும் காட்டுகிறார்கள். தாங்கும் அடித்தளம் என்ற கருத்தே மூன்றுக்கும் பொதுவென எனக்குப் படுகிறது.

வினவியவர்:
மிக்க நன்றி. கொட்டகையின் பெயர்தான் அந்த இரும்புத் துண்டுக்கு ஒட்டிக்கொண்டது என்று இத்தனை நாளும் தலைகீழாக நினைத்திருந்தேன்.