அப்பா மூலம்தான் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது

முதுநகர்_பையன்:
அப்பாவுக்கு 58 வயது, கடலூர் முதுநகரில் இருக்கிறார். கொஞ்ச நாளாக வெளிக்குப் போகும்போது ரத்தம். 'மூலம், பௌத்திரம்' என்று போர்டு போட்ட ஒரு இடத்தில் லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறார், வலியே இல்லை, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி என்கிறார். ஆனால் ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் நாலு தடவை போகிறார், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ஹீமோகுளோபின் 9. பெரியப்பா பெருங்குடல் புற்றுநோயில்தான் போனார். வீணாகப் பயப்படுகிறேனா?

லாஸ்பேட்டை_நர்ஸ்:
வீண் பயம் இல்லை தம்பி. வலி இல்லை என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை, குடலில் கட்டி வந்தாலும் ஆரம்பத்தில் வலிக்காது. மூலம் இருப்பது உறுதியானாலும் அதோடு நிறுத்திவிட முடியாது, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். இந்த வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் இவ்வளவு இறங்கினால் ரத்தம் எங்கே போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும், டானிக் கொடுத்து ஏற்றினால் மட்டும் போதாது. எடை குறைவது, மலம் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறிக் கிடப்பது, கூடப்பிறந்தவருக்கு வந்தது, இதற்கு மேல் என்ன வேண்டும்? கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற டெஸ்ட், செய்யச் சொல்லிக் கேளுங்கள். பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் குடல்நோய்ப் பிரிவும் புற்றுநோய் மையமும் இருக்கின்றன, பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு காலையில் சீக்கிரம் போங்கள்.

கருவாடு_பிரியர்:
கருவாடு தின்பதால்தான் இதெல்லாம் வருகிறது என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுற்றுகிறதே?

லாஸ்பேட்டை_நர்ஸ்:
குடல் புற்றுநோய்க்கு உறுதியான காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சொன்னது சாசேஜ், சலாமி மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி 'அநேகமாக' என்கிற வரிசையில். கருவாட்டு உப்பு பிரஷருக்கு ஆகாது, அது வேறு கதை. கருவாட்டைப் பிடித்துத் தொங்குகிற நம் பாண்டிச்சேரி ஆண்கள் சாராயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை, அதுவும் சிகரெட்டும் தொப்பையும் பட்டியலில் இருக்கின்றன.

திருப்பாதிரி_அண்ணன்:
நான் கொலனோஸ்கோபி செய்துகொண்டவன், அதனால் சொல்கிறேன். முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கொடுமை, பாத்ரூம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டெஸ்ட் அன்று மயக்க ஊசி போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒரு பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளர்கிற சின்னச் சதை, இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம்கூட ஆகுமாம், அதற்குள் எடுத்தால் தப்பித்தோம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு, சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அப்பாவிடம் 'புற்று' என்ற சொல்லையே எடுக்காதே, மூலத்தை நன்றாகப் பார்க்கத்தான் என்று கூட்டிக்கொண்டு போ.

முதுநகர்_பையன்:
சரி அண்ணா, திங்கட்கிழமை போகிறோம். எனக்கு 31, நானும் பார்க்க வேண்டுமா?

லாஸ்பேட்டை_நர்ஸ்:
அப்பா ரிசல்ட் வரட்டும். அவருக்கு இருந்தால் உனக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் பொதுவாக 40 வயதில், வீட்டில் யாருக்காவது இள வயதிலேயே வந்திருந்தால் அந்த வயதுக்கு 10 வருஷம் முன்பே ஆரம்பிக்கச் சொல்வார்கள். பெரியப்பாவுக்கு எந்த வயதில் தெரிந்தது என்று பெரியம்மாவிடம் கேட்டு வை, டாக்டர் கட்டாயம் கேட்பார்.