அன்சினேட், ஹமேட் இரண்டுமே கொக்கியா? வைவாவுக்கு முன் தெளிவு வேண்டும்

முதலாண்டு மருத்துவ மாணவி:
வணக்கம். அன்சினேட் பிராசஸ் என்ற நீட்சி கணையத்தில் இருக்கிறது, மூக்குப் பக்கம் எத்மாய்டு எலும்பில் இருக்கிறது, கழுத்து முள்ளெலும்பிலும் இருக்கிறது. மூன்றுக்கும் தொடர்பு உண்டா? மணிக்கட்டின் ஹமேட் எலும்புக்கும் கொக்கி என்றுதான் பொருளாம். அடுத்த வாரம் வைவா (வாய்மொழித் தேர்வு), எல்லாம் கலந்துவிடுகிறது.

உடற்கூறியல் ஆசிரியர்:
வளைந்த வடிவத்தைத் தவிர வேறு தொடர்பு இல்லைம்மா. லத்தீனில் உன்கஸ் என்றால் கொக்கி. அதிலிருந்து உன்கினஸ், அதிலிருந்து வந்தது அன்சினேட். மூளையின் டெம்போரல் மடலில் வரும் அன்கஸும் அதே சொல்தான். ஹமேட் வேறு வேர். ஹாமஸ் என்றால் கொக்கி. தூண்டில் முள்ளுக்கும் அதே பெயர். பழைய புத்தகங்களில் ஹமேட்டையே அன்சிஃபார்ம் என்று எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

கணையத்தை நன்றாகப் படித்துவிடுங்கள். அதன் அன்சினேட் பிராசஸ் தலைப்பகுதியின் அடியிலிருந்து இடப்பக்கமாக வளைந்து, குடலின் சுப்பீரியர் மெசென்டெரிக் ரத்தக் குழாய்களுக்குப் பின்னால் போகிறது. வைவாவில் அந்தப் 'பின்னால்' என்ற சொல்லைத்தான் எதிர்பார்ப்பார்கள். அங்கே கட்டி வந்தால் அந்தக் குழாய்களிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அறுவையின் கடினமான கட்டம். கழுத்தில் 3 முதல் 7 வரையுள்ள முள்ளெலும்புகள், அங்கே அன்சினேட் பிராசஸ் மேலுள்ள முள்ளெலும்போடு சேரும் லுஷ்கா மூட்டு, இவ்வளவு போதும்.

காது மூக்கு தொண்டை மேற்படிப்பு மாணவர்:
எத்மாய்டில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. சைனஸ் எண்டோஸ்கோப்பி அறுவையில் பெரும்பாலும் அதை எடுத்துவிட்டுத்தான் மேக்சிலரி சைனஸின் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) வாயைப் பார்ப்போம்.

பிசியோதெரபிஸ்ட்:
ஹமேட்டின் கொக்கியை உங்கள் கையிலேயே தொடலாம். இடது மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கம் உருண்டையாகத் தட்டுப்படுவது பிசிஃபார்ம் எலும்பு. வலது கட்டைவிரலின் மூட்டை அதன்மேல் வைத்து, நுனியை இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள இடுக்கை நோக்கித் திருப்பி, ஆழமாக அழுத்துங்கள். நுனிக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படும், கொஞ்சம் வலிக்கும். இந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவில்தான் சுண்டுவிரல் பக்கத்து அல்நார் நரம்பு போகிறது. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் கியோன் விவரித்த குழாய் போன்ற வழி அது. கோல்ஃப் மட்டையின் பிடி இடித்து இந்தக் கொக்கி உடைவதுண்டு, சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும். சந்தேகமிருந்தால் சிடி எடுப்பார்கள்.

முதலாண்டு மருத்துவ மாணவி:
தட்டுப்பட்டது, நன்றி! அப்போ மண்டையோட்டின் அடியில் இருக்கும் டெரிகாய்டு ஹாமுலஸ்?

உடற்கூறியல் ஆசிரியர்:
அதுவும் ஹாமஸ்தான், சின்னக் கொக்கி. டென்சர் வெலி பலட்டினை என்ற தசையின் நாண் அதைச் சுற்றித்தான் மெல்லண்ணத்துக்குள் திரும்புகிறது. மண்டையோட்டைக் கையில் கொடுத்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.