ஹெதர் மேட்டுநிலம்: எரிப்பதா, வெட்டுவதா?

மேட்டுநிலம்
வணக்கம். இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸில் ஒரு ஹெதர் (ஊதாப் பூ பூக்கும் குட்டைப் புதர்ச்செடி) சரிவுக்குப் பராமரிப்புத் திட்டம் எழுதுகிறேன். செடி முழங்கால் உயரம். தண்டு முற்றி, புதர் நடுவில் பிளந்து கிடக்கிறது. அடிவாரத்திலிருந்து பிராக்கன் பெரணி ஏறுகிறது. ஆகஸ்டிலிருந்து சில திட்டுகள் செம்பழுப்பாகிவிட்டன. புதுத் துளிர் வர எரிக்கலாமா, வெட்டலாமா?

கரிமண்
முதலில் பீட் மண்ணின், அதாவது ஈரத்தில் முழுதாக மட்காத தாவரங்கள் சேர்ந்து உருவான கரிமண்ணின், ஆழம். கம்பியை அடிமண் தட்டும்வரை இறக்கி, பல இடங்களில் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். ஒரே சரிவில் 10 செ.மீ.யும் இருக்கும், 50 செ.மீ.யும் இருக்கும். 2021 விதிகள் பாதுகாக்கப்பட்ட தலங்களில் 40 செ.மீ.க்கு மேல் ஆழமான பீட்டில் உரிமமின்றி எரிப்பதைத் தடுத்தன. 2025இல் அந்த வரம்பு 30 செ.மீ. ஆனது. ஆழமான இடத்தில் தீயே வேண்டாம். பழைய வடிகால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துங்கள். ஸ்பாக்னம் பாசி வந்தால் ஹெதர் தானாகவே அடங்கும்.

தீக்கோடு
பீட் மெலிதான இடத்திலும் இந்த உயரத்துக்குத் தீ ஆகாது. எரிக்க ஏற்ற உயரம் 20–30 செ.மீ.; எரிக்கும் நிலப்பட்டையின் அகலம் 30 மீட்டருக்குள். அடிப்பாசி ஈரமாகவும் மேல்தழை காய்ந்தும் இருக்கும் நாளில் தீ வேகமாகக் கடந்துபோகும். கருகிய குச்சிகள் நிற்கும், பாசி பிழைக்கும், அடித்தண்டு மறுபடி துளிர்க்கும். முற்றிய செடியில் விறகு அதிகம், சூடும் அதிகம். அடித்தண்டு செத்துவிடும், பிறகு விதையை நம்பித்தான் இருக்க வேண்டும், அதற்குள் பிராக்கன் புகுந்துவிடும்.

எனவே இயந்திரத்தால் வெட்டுங்கள். மண்ணைச் சீவாத உயரத்தில் கத்தியை வையுங்கள். வெட்டிய தழையைத் தடிமனாக விடாதீர்கள். வெளிச்சம் படாமல் விதை முளைக்காது. அள்ளிய தழையில் விதை இருக்கும், வெறும் பீட் தெரியும் இடத்தில் பரப்பலாம்.

பிராக்கன் ஓரத்து ஹெதரை இப்போது தொடவே வேண்டாம், நிழல் தந்து பிராக்கனைத் தடுப்பது அந்தப் புதர்தான். பிராக்கனை ஜூன் நடுவிலும், ஆறேழு வாரம் கழித்தும், குறைந்தது மூன்று ஆண்டு வெட்டுங்கள். கிழங்கில் சேர்ந்த மாவு தீர அவ்வளவு காலம் பிடிக்கும். வெட்டுமுன் தரையில் பறவைக் கூடுகள் உண்டா என்று பாருங்கள்.

மேட்டுநிலம்
நன்றி. செம்பழுப்பு?

கரிமண்
கோடை முடிவில் வந்தது என்றால் ஹெதர் வண்டாக இருக்கலாம். அதன் புழு இலையையும் தண்டின் பட்டையையும் சுரண்டுவதால் துளிர் நீரிழக்கும். குளிர்காற்றால் வரும் பழுப்பு வசந்தத்தின் தொடக்கத்தில்தான் தெரியும். அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அடுத்த கோடையில் அடித்தண்டு துளிர்க்கிறதா என்று பார்த்துவிட்டு, துளிர்க்காத திட்டுகளை மட்டும் எடுங்கள்.

இன்னொன்று, செம்மறி. சின்னதாக ஒரே திட்டு வெட்டினால் மந்தை முழுவதும் அதிலேயே நிற்கும். ஒரே ஆண்டில் பல திட்டுகளைச் சிதறலாக வெட்டுங்கள். அந்த ஆண்டுத் துளிரில் 40 விழுக்காட்டுக்கு மேல் மேய்ந்தால் ஹெதர் பின்வாங்கிப் புல் ஏறும். செடி கத்தரித்த பந்துபோல உருண்டு நின்றால் ஆடு ஏற்கனவே அதிகம். வெட்டுவதற்கு முன் எண்ணிக்கையைக் குறையுங்கள்.