புதுப்பிப்பு: முடிவுக் கோட்டில் சிப் பதிவாகாத சிக்கல் தீர்ந்தது

கிளிநொச்சியில் நாங்கள் நடத்திய துவிச்சக்கரவண்டி ஓட்டத்தில், வண்டியில் நேரம் பதியும் சிப் ஒட்டியிருந்தும், முடிவுக் கோட்டைக் கடந்த சிலரது நேரம் பதிவாகவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வெயிலில் உயிரைக் கொடுத்து ஓட்டிய பிள்ளையிடம் "உனக்கு நேரம் இல்லை" என்று சொல்வது பெரும் வேதனை.

பலித்தது, சிப்பை உலோகத்திலிருந்து விலக்கச் சொன்ன யோசனை. எங்களுடையவை பற்றரி இல்லாத, 860–960 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையில் இயங்கும் ஒட்டுச் சிப்புகள். இருக்கைக் குழாயில் நேரடியாக ஒட்டினால், உலோகம் சிப்பின் அன்டெனாவைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. விரல் தடிப்பில் வெட்டிய ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டை இடையில் வைத்து ஒட்டினோம். முன்பு பதிவாகாத அதே வண்டி, அதே வேகத்தில் ஒவ்வொரு முறையும் பதிவானது.

கோட்டில் அலை அனுப்பிச் சிப்பை வாசிக்கும் கருவியான வாசிப்பானின் வலுவைக் கூட்டியது உதவவில்லை. கோட்டருகே சும்மா நின்ற வண்டிகளும் பதிவாகிப் பட்டியலைக் குழப்பின. வலுவைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டோம்.

எதிர்பாராதது ஒன்று: மரதன் வீரர்களின் நெஞ்சு இலக்கத்தில் ஒட்டிய சிப்புகளும் சில தவறின. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவர்களுக்கே அப்படி நடந்தது. சிப்பை வாசிக்கும் இந்த வானொலி அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். நனைந்த சட்டையோடு சிப் ஒட்டிக்கொண்டால் வாசிப்பு விழாது. அதற்கும் மெல்லிய ரெஜிபோம் பட்டையே கைகொடுத்தது.