லாவோ சோங், கறுப்புத் தாய்: ஒரே மக்களுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

கேள்வி (வழிப்போக்கன்):
தாய்லாந்தின் பெட்சாபுரி மாகாணத்தில் காவ் யோய் வட்டாரத்தில் வாழும் ‘லாவோ சோங்’ மக்கள் லாவோஸ் நாட்டவர் அல்லர், வடமேற்கு வியட்நாமைச் சேர்ந்த கறுப்புத் தாய் என்னும் இனத்தின் மரபினர் என்று படித்தேன். அப்படியானால் ‘லாவோ’ என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? தாய்லாந்துக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களைத் தனி இனமாகக் கருதுவது பொருந்துமா?

பதில் (செங்கதிர்):
அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் சியாமியர்கள், அதாவது அந்நாளைய தாய்லாந்து மக்கள். 1779-இல் சியாம் மன்னர் தக்சினின் படை இன்றைய லாவோசின் தலைநகரான வியஞ்சானைக் கைப்பற்றிய காலத்தில், கறுப்புத் தாய் மக்களும் பிடித்துவரப்பட்டுப் பெட்சாபுரியில் குடியமர்த்தப்பட்டனர். பின்னர் சியாமை ஆண்ட மன்னர் மூன்றாம் ராமர் காலத்திலும் மேலும் பலர் கொண்டுவரப்பட்டனர். ஆள்பலமே அரிதாக இருந்த அந்நாளைய அரசுகள், நிலத்தைப் பிடிப்பதைவிட மக்களைப் பெயர்த்துவருவதையே பெரிய வெற்றியாகக் கருதின. லாவோஸ் வழியே லாவோ கைதிகளோடு வந்ததால் ‘லாவோ’ ஆனார்கள். ‘சோங்’ என்பது அவர்கள் அணிந்த கருநிறக் கால்சட்டையைக் குறிக்கிறது. தவறான நாடும் ஒரு கால்சட்டையும் சேர்ந்து ஓர் இனத்தின் பெயராயின. இன்று அவர்களுள் பலர் ‘தாய் சோங் டாம்’ என்பதையே விரும்புகின்றனர். ‘டாம்’ என்றால் கறுப்பு. (தாய்லாந்தின் ‘தாய்’, மொழிக்குடும்பத்தின் ‘தாய்’, நம்மைப் பெற்ற தாய் ஆகிய மூன்றும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவது தனித் தொல்லை.)

பதில் (நீலவேணி):
உங்கள் இரண்டாம் கேள்விக்கு அவர்களுடைய வீட்டுச் சடங்குகளே விடை தருகின்றன. பௌத்தத்தை ஏற்ற பிறகும், முன்னோர்களுக்கு வீட்டுக்குள் உணவு படைக்கும் ‘சென்’ சடங்கை அவர்கள் கைவிடவில்லை. யார் எந்தக் குலத்தின் முன்னோரை வணங்கலாம் என்பதை அச்சடங்கே வரையறுக்கிறது. இறந்தவரின் ஆவி பூர்விக நிலத்துக்குத் திரும்புவதாக அவர்கள் நம்புகின்றனர். அந்த நிலம் மியாங் தேங், அதாவது இன்றைய தியன் பியன் ஃபூ. பெண்கள் அணியும் அவுரிச் சாயப் பாவாடையின் வெளிர்கோடுகளுக்கோ ‘தர்பூசணிக் கோலம்’ என்று பெயர்.

பதில் (மலைநாடன்):
செங்கதிர் அவர்கள் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பூர்விக நிலத்தைவிட்டு வெளியேறிய கறுப்புத் தாய் மக்கள் எல்லாருமே பிடித்துவரப்பட்டவர்கள் அல்லர். 1954-இல் அதே தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தபோது, ஒரு பகுதியினர் தாமாகவே லாவோசுக்குத் தப்பினர். 1975-இல் அங்கிருந்தும் வெளியேறியவர்களை, அமெரிக்காவின் அயோவா மாநில ஆளுநர் ராபர்ட் ரே ஏற்றுக்கொண்டார். அங்கே அவர்கள் ‘தாய் டாம்’ என்றே தம்மை அழைத்துக்கொள்கின்றனர். வியட்நாமில் தங்கிவிட்ட உறவினர்களோ, அரசின் 54 இனப் பட்டியலில் வெள்ளைத் தாய் என்னும் உறவுடைய இன்னொரு பிரிவினரோடு சேர்த்து வெறும் ‘தாய்’ எனப் பதிவாகியுள்ளனர்.