செந்நாய் எச்சமா, சிறுத்தை எச்சமா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். முதுமலையில் ஊனுண்ணித் தடக் கணக்கெடுப்புக்கு முதல்முறையாகத் தன்னார்வலராகப் போகிறேன். வனக்காவலர்களோடு நடந்து, வழியில் தென்படும் காலடித்தடம், எச்சம், நகக்கீறல் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும்.

காலடியில் ஓரளவு தேறிவிட்டேன். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் தடத்தில் நகம் பெரும்பாலும் பதியாது, நாய் இனத்தில் பதியும். எச்சத்தில்தான் தடுமாறுகிறேன். செந்நாய்கள் கூட்டமாக, பெரும்பாலும் பாதைகள் சந்திக்கும் இடத்தில் எச்சமிடும் என்று தெரியும். சரி, மான் முடியோடு ஒன்றே ஒன்று காய்ந்து கிடந்தால் எப்படிப் பிரிப்பது? தவறாகக் குறித்தால் இல்லாத விலங்கு கணக்கில் ஏறிவிடுமே என்று பயமாக இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 306 புலிகள் என்று வந்ததே, அதற்காக எத்தனை பேர் கவனமாக நடந்திருப்பார்கள்!

முன்பு போனவர்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த எச்சப் படங்கள் இருந்தால் பகிருங்கள். மசினகுடிப் பக்கம் கழுதைப்புலித் தடம் பார்த்தவர்கள் இருந்தால் அதுவும் வேண்டும். அப்புறம், படத்தோடு சரியான இடத்தைப் போட வேண்டாம். வேட்டைக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது.