[உதவி] போர்க் சாப் கடுகு சாஸ் திரிஞ்சு போச்சு, கசக்குது. அவசரம்!

செம்மண்_சாலை · மாலை 5:38
பிரெஞ்சு ஸ்டைல் கடுகு சாஸ்ல போர்க் சாப் பண்ணேன். சாஸ் திப்பி திப்பியா திரிஞ்சு நிக்குது, கசப்பு வேற. கறி ரப்பர் ஒட்டுப்பால் மாதிரி இழுக்குது. ரெசிப்பில உள்ளபடிதான் எல்லாம் போட்டேன். 8 மணிக்கு ஆளுங்க வராங்க. இன்னும் 4 துண்டு பச்சையா ஃபிரிட்ஜ்ல இருக்கு. சுங்கை சிப்புட்ல இருக்கேன், ஈப்போ போய்ட்டு வர நேரமில்ல. சீக்கிரம் சொல்லுங்க லா.

அடுப்படி_அக்கா · 5:44
தம்பி, "எல்லாம்"னா எதெல்லாம்? எந்தக் கடுகு? என்ன கிரீம்? துண்டு எவ்வளவு கனம்? அடுப்புல எவ்வளவு நேரம் இருந்துச்சு? கடுகை எப்போ போட்டீங்க? இதைச் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

பாசார்_பையன் · 5:47
ஃபுரோசன் கறி. வேற ஒண்ணும் இல்ல. உறைஞ்ச கறி சட்டில தண்ணி விடும். தண்ணி விட்டா பொரியாது, அவியும். காலைல 7 மணிக்குள்ள பாசார் போய் அன்னைக்கு வெட்டுனதை வாங்குங்க.

வாணலி_வாத்தியார் · 5:52
முதலில் ஒரு திருத்தம். கிரீம் ஊற்றிய கடுகு சாஸ் வீட்டுச் சமையல்தான். செவ்வியல் பிரெஞ்சு முறையில் பன்றிச் சாப்புக்கு உரியது சாஸ் ரோபேர்: வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், வெள்ளை ஒயின், டெமி-கிளாஸ், கடைசியில் கடுகு. அதிலேயே கார்னிஷோன் என்னும் சிறு வெள்ளரி ஊறுகாயை மெலிதாக நறுக்கிப் போட்டால் ஷார்குத்தியேர். இரண்டிலும் கிரீம் கிடையாது, ஆகவே திரிவதற்கும் ஒன்றுமில்லை. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை.

கித்தாதோப்பு · 5:55
வாத்தியாரே, டெமி-கிளாஸ்னா மாட்டெலும்பை, இல்லாட்டி கன்னுக்குட்டி எலும்பை ஒரு நாள் பூரா காய்ச்சணும். ஆளுங்க 8 மணிக்கு வராங்க. அதுல பாதிப் பேரு மாடு தொடமாட்டாங்களா இருக்கும்.

செம்மண்_சாலை · 6:01
டின் பால் ஊத்தினேன். கடுகு பாட்டில்ல வர்றதுதான். மொதல்ல கறி மேல கடுகு நல்லாத் தடவி அரை மணி நேரம் ஊறவச்சு, பெரிய தீயில பொரிச்சேன். அப்புறம் அதே சட்டில ஒயின், பால், இன்னும் 2 ஸ்பூன் கடுகு, மூடி போட்டு 20 நிமிஷம்.

அடுப்படி_அக்கா · 6:03
டின் பால்னா இனிப்புப் பாலா, ஐடியல் பாலா (இனிப்பில்லாத சுண்டுன பால்)?? பாட்டில் கடுகு பளிச்சுனு மஞ்சளா, வெளிர் பழுப்பா? லேபிள்ல மஞ்சள் தூள் போட்டிருக்கா பாருங்க.

செம்மண்_சாலை · 6:05
ஐடியல் பால். மஞ்சள். ஹாட்டாக்ல ஊத்துறது.

சட்டி_சுரண்டி · 6:14
இப்போ பேசலாம். மூணு கோளாறு இருக்கு. மூணுக்கும் காரணம் வேற வேற.

கசப்பு: கறி மேல தடவுன கடுகு பெரிய தீயில கருகிடுச்சு. ஹாட்டாக் கடுகுல சர்க்கரையும் இருந்தா இன்னும் வேகமாக் கருகும். அந்தக் கரியோடயே ஒயினை ஊத்திச் சுரண்டினா கசப்பு பூரா சாஸ்ல. சட்டில ஒட்டுறது பழுப்பா இருந்தா அதுதான் ருசி, கறுப்பா இருந்தா கழுவி ஊத்திட்டுப் புதுச் சட்டி வைங்க. கடுகு கறிக்கு இல்ல, சாஸுக்கு. அதுவும் தீயை அணைச்சப்புறம்தான். கொதிக்க விட்டா கடுகோட காரமும் வாசமும் ஆவியாப் போயிடும், புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும்.

திரிஞ்சது: ஐடியல் பால்ல கொழுப்பு கம்மி, புரதம் ஜாஸ்தி. ஒயின் புளிப்பு, ஹாட்டாக் கடுகுல வினிகர், மேல 20 நிமிஷக் கொதி. திரியாம என்ன செய்யும்? கொழுப்பு 35 சதவீதம் உள்ள பால் கிரீம்னா கொதியைத் தாங்கும். பேக்கரி சாமான் கடையில டைரி விப்பிங் கிரீம்னு கேளுங்க. பக்கத்துலயே நான்-டைரி இருக்கும், தாவர எண்ணெயும் சர்க்கரையும் போட்டது, கேக்குக்கு. அது வேணாம். சந்தானும் (தேங்காய்ப்பால்) வேணாம், ருசி வேற பக்கம் இழுக்கும்.

கிரீம் கிடைக்கலன்னா ஐடியல் பாலே போதும். ஆறுன பால்லயே சோளமாவைக் கரைச்சுட்டு ஊத்தணும், 170 மில்லிக்கு 2 டீஸ்பூன். மாவு புரதத்தைத் திரள விடாது. சின்னத் தீ, கிண்டிக்கிட்டே இருங்க, கெட்டியானதும் அணைச்சிடுங்க.

4 துண்டுக்குச் சாஸ்: வெண்ணெய் 20 கிராம்ல சின்ன வெங்காயம் 6 பொடியா நறுக்கி, நிறம் மாறாம வதக்குங்க. ஒயின் 150 மில்லி ஊத்தி 3 மேசைக்கரண்டி ஆகுற வரைக்கும் சுண்டவிடுங்க. இதுல அவசரப்படாதீங்க, பச்சை ஒயின் வாடை அப்புறம் போகாது. கோழி ஸ்டாக் 200 மில்லி ஊத்திப் பாதியாக்குங்க. ஸ்டாக் கியூப் போட்டா பாதிக் கியூப் போதும், உப்பு கடைசிலதான். அப்புறம் பால், அணைப்பு, கடுகு 2 மேசைக்கரண்டி, மிளகு.

இரும்புக் குவாலி (வாணலி) வேணாம். ஒயினும் புளிப்பும் பட்டா இரும்பு வாடை ஏறும். எவர்சில்வர் சட்டி போதும்.

டூரியான்_தோல் · 6:17
ஒயினுக்குப் பதிலா கள்ளு?

சட்டி_சுரண்டி · 6:18
வேணாம். ஒயின் இல்லாட்டி ஸ்டாக்கோட 2 டீஸ்பூன் அரிசி வினிகர்.

மலாக்கா_மைனர் · 6:20
கடுகை எதுக்குக் கடையில தேடணும்? தாளிக்கிற கடுகை அம்மியில அரைங்க. எங்க ஊரு கிறிஸ்தாங் (போர்ச்சுகீசிய வம்சாவளி) ஆளுங்க வைக்கிற டெவில் கறியில கடுகும் வினிகரும்தான் உயிரு.

வாணலி_வாத்தியார் · 6:24
டெவில் கறியையும் இந்தச் சாஸுக்குரிய டிஜோன் என்னும் பிரெஞ்சுக் கடுகையும் ஒரே மூச்சில் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். டிஜோன் கடுகு டிஜோன் நகரில் செய்தால்தான் டிஜோன் கடுகு.

சட்டி_சுரண்டி · 6:29
அது சரியில்ல வாத்தியாரே. டிஜோன்ங்கிறது செய்முறைப் பேரு, எந்த நாட்டுலயும் செஞ்சு அந்தப் பேர்ல விக்கலாம். 1856ல அந்த ஊர்ல ஒருத்தர் வினிகருக்குப் பதிலா பழுக்காத திராட்சைச் சாறு சேர்த்தாரு, அதுலேருந்துதான் அந்த ருசி. ஊர்ப் பாதுகாப்பு உள்ளது டிஜோன் இருக்கிற பூர்கோஞ் வட்டாரத்துப் பேர்ல வர்ற பூர்கோஞ் கடுகுக்கு, 2009லேருந்து. பிரெஞ்சு ஆலைக்குப் போற விதையில பெரும்பகுதி கனடாவுலேருந்து வருது. 2021ல அங்க வறட்சி, மறு வருசம் பிரான்ஸ் கடையிலயே டிஜோன் பாட்டில் இல்ல.

மைனர் சொல்றதுல பாதி சரி. பழுப்புக் கடுகும் டிஜோனுக்குப் போடுற விதையும் ஒரே செடி வகைதான். ஆனா இன்னைக்கு அரைச்சு இன்னைக்கே போட்டா கசக்கும், ரெண்டு மூணு நாள் ஃபிரிட்ஜ்ல கிடக்கணும். இப்போதைக்கு சூப்பர்மார்க்கெட்ல டின்ல வர்ற இங்கிலீஷ் கடுகுப் பொடி வாங்குங்க. 1 மேசைக்கரண்டி பொடிக்கு அதே அளவு பச்சைத் தண்ணி, 10 நிமிஷம் விட்டு அரை டீஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை. சுடுதண்ணி ஊத்திடாதீங்க, காரம் எழும்பவே எழும்பாது, கசப்பு மட்டும் நிக்கும். டிஜோனை விடக் காரம், பாதி அளவு போதும்.

அடுப்படி_அக்கா · 6:33
கறியைப் பத்தி யாரும் இன்னும் சொல்லல. தம்பி, எலும்போட முதுகுக் கறியா? 1 செண்டிமீட்டர் கனம்னா ஒரு பக்கம் 2 நிமிஷம், மறுபக்கம் 1 நிமிஷம், எடுத்துத் தட்டுல வச்சிடணும். 20 நிமிஷம் மூடி போட்டா முதுகுக் கறி காஞ்சிடும். தோள்பட்டைக் கறிக்கோ 20 நிமிஷம் பத்தவே பத்தாது. அடுத்த தடவை ஒரு இஞ்சு கனமா வெட்டச் சொல்லி, கடைக்காரர்கிட்ட மலாய்ல "போத்தோங் தெபால், சத்து இன்சி"ன்னு கேளுங்க. ஒரு இஞ்சு கனம் இருந்தா பக்கத்துக்கு 4 நிமிஷம். ஒரு மணி நேரம் முந்தி 200 கிராம் துண்டுக்கு கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல உப்பு தடவி ஃபிரிட்ஜ்ல வைங்க, சட்டில போடுறதுக்கு முன்னாடி டிஷ்யூவால ஒத்துங்க. ஓரக் கொழுப்பை ரெண்டு மூணு இடத்துல கத்திரிச்சு விட்டா துண்டு சுருண்டுக்காது. உள்ள 63 டிகிரி வந்தா எடுத்து, 3 நிமிஷம் ஆறவிடுங்க.

பாசார்_பையன் · 6:36
63ஆ? உள்ள ரோஸ் கலர்ல இருக்கும்! பன்னியைப் பச்சையாத் திங்கச் சொல்றீங்களா? நிப்பா வைரஸ் மறந்து போச்சா?

கித்தாதோப்பு · 6:41
நிப்பா மலேசியாவுல 1998, 99ல வந்தது. உசிரோட இருந்த பன்னிகிட்டேருந்து, பண்ணையில வேலை செஞ்சவங்களுக்கும் அறுக்கிற இடத்துல இருந்தவங்களுக்கும்தான் பெரும்பாலும் ஒட்டுச்சு. வெந்த கறி தின்னு வந்ததில்ல. ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் மனுசனுக்கு வரவே வராது.

அடுப்படி_அக்கா · 6:43
அமெரிக்க விவசாயத் துறை 2011ல முழுத் துண்டுக்கு 71லேருந்து 63க்கு இறக்குச்சு. கொத்துக்கறிக்கு இன்னமும் 71தான். பயமா இருந்தா 68 வரைக்கும் விடுங்க, சண்டை போடாதீங்க.

பாசார்_பையன் · 6:44
அமெரிக்காவுல பண்ணை சுத்தம். இங்க?

செம்மண்_சாலை · 6:46
கறி பாசார்ல வாங்கினதில்ல. எஸ்டேட்ல அடிச்சது, பங்கு குடுத்தாங்க. காட்டுப்பன்னி. சொன்னேன்ல?

அடுப்படி_அக்கா · 6:46
சொல்லல!!!

சட்டி_சுரண்டி · 6:51
63 கணக்கு அத்தனையும் மறந்துடுங்க. அது பண்ணைப் பன்னிக்கு. காட்டுப்பன்னியில புழு இருக்க வாய்ப்பு அதிகம், உள்ள ரோஸ் இருக்கவே கூடாது, 71 தாண்டியே ஆகணும். ஃபிரீசர்ல வச்சா எல்லாப் புழுவும் செத்துடும்னும் நம்பாதீங்க. கொழுப்பு கம்மி, தசை முறுக்கு, அதனால சாப் மாதிரிப் பொரிச்சு எடுத்தா யார் பொரிச்சாலும் இழுக்கத்தான் செய்யும்.

நேரம் இருக்கு. 4 துண்டையும் உப்பு மிளகு மட்டும் போட்டு ரெண்டு பக்கமும் செவக்கப் பொரிங்க. குக்கர்ல மாத்தி, ஸ்டாக் 300 மில்லி, ஒரு பிரிஞ்சி இலை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 25 நிமிஷம், ஆவி தானா அடங்கட்டும். பொரிச்ச சட்டியைக் கழுவாதீங்க, வெங்காயத்தை அதுலயே வதக்குங்க. சாஸுக்கு 200 மில்லி ஸ்டாக் சொன்னேன்ல, அதுக்குக் குக்கர் தண்ணியையே வடிகட்டி ஊத்துங்க. மத்ததெல்லாம் மேல சொன்னபடிதான். கறியைக் கடைசில சாஸ்ல புரட்டினா போதும்.

முதல்ல பண்ணினது உள்ள முழுசா வெந்திருந்தா, சாஸைக் கழுவிட்டு அதையும் குக்கர்ல சேர்த்துடுங்க. அந்தத் திரிஞ்ச சாஸைக் காப்பாத்தப் பாக்காதீங்க, கருகல் கசப்பு போகாது.

வாணலி_வாத்தியார் · 6:58
குக்கரில் வேகவைத்தது சாப் ஆகாது, ராகூ, அதாவது குழம்பில் வேகவைத்த கறி. தலைப்பை மாற்றுவது நல்லது.

மலாக்கா_மைனர் · 7:02
காட்டுப்பன்னின்னு மொதல்லயே சொல்லியிருந்தா டெவில் கறியே போட்டிருக்கலாம். அதுக்குன்னே பொறந்த கறி.

கித்தாதோப்பு · 7:04
இதுல மட்டும் மைனர் பக்கம் நான்.

செம்மண்_சாலை · இரவு 10:20
திரியல. கசப்பு இல்ல. எலும்புலேருந்து கழண்டு வந்துச்சு. எல்லாரும் சோத்தோடதான் சாப்பிட்டாங்க. நன்றி லா.

அடுப்படி_அக்கா · 10:31
நல்லது தம்பி. கடுகு கடைசில எது போட்டீங்க, பொடியா அந்த மஞ்சளேவா? பால் ஊத்துறப்போ ஒயின் எவ்வளவு சுண்டியிருந்துச்சு?

சட்டி_சுரண்டி · 10:40
மிச்சம் இருந்தா நாளைக்குக் கொதிக்க விட்டுடாதீங்க. ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு, கறியை முதல்ல தனியா நல்லாச் சுடவச்சு, சாஸைச் சின்னத் தீயில லேசா. ராத்திரியோட கடுகு காரம் இறங்கியிருக்கும், அணைச்சப்புறம் புதுசா அரை ஸ்பூன் கலந்துக்குங்க.